காவோலையின் கொடை

உரைநடை உலகம்

நுழையும்முன்

'காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்' என்பது பழமொழி. முதுமையை எள்ளும் இளமைக்கு விடுக்கும் எச்சரிக்கையாக அது வழங்கி வருகிறது. தாவரச் செல்லின் உள்ளே நிகழ்வனவற்றை ஆராய்ந்த அறிவியல், அப்பழமொழிக்கு மேலும் ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறது. காவோலை தன்னிடமிருந்த செல்வத்தின் பெரும்பகுதியைக் குருத்திடம் ஒப்படைத்த பின்னரே விழுகிறது. பழுதானதைச் சீர்செய்தல், சீர்செய்ய இயலாததைப் பிரித்தல், பிரித்ததைக் கொண்டு புதியதை ஆக்குதல் ஆகிய மூன்றையும் தாவரச் செல் ஆற்றும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இடம்பெயரா உயிர்

சித்திரை மாதத்து நண்பகலில் கால்நடைகள் மரநிழலை நாடுகின்றன. பறவைகள் இலைகளின் அடர்த்தியில் ஒடுங்குகின்றன. அந்நிழலைத் தரும் மரம் வெயிலிலேயே நிற்கிறது. விதை விழுந்து வேரூன்றிய இடமே தாவரத்திற்கு வாழ்நாள் முழுமைக்கும் உரிய இடமாகும். வெப்பம், வறட்சி, வெள்ளம், உவர்மண், நோய்க்கிருமி ஆகிய எதிலிருந்தும் அது விலகிச் செல்ல இயலாது. விலங்கு ஓடித் தப்பும் இடர்களைத் தாவரம் தன் செல்களுக்குள்ளேயே எதிர்கொண்டாக வேண்டும்.

இவ்விடர்கள் வெளியே வெவ்வேறாகத் தோன்றினும், செல்லுக்குள் அவற்றுள் பல ஒரே வகைச் சேதத்தை விளைவிக்கின்றன. செல்லின் பணிகளைச் செய்யும் புரதங்கள் தம் வடிவத்தை இழக்கின்றன. வடிவம் இழந்த புரதங்கள் பெருகிச் செல் திணறும் நிலையே 'புரத நெருக்கடி' எனப்படுகிறது. இந்நெருக்கடியைத் தாங்கும் திறனே, வெயிலில் நிற்கும் ஒரு பயிர் விளைச்சல் தருமா, பதராகுமா என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று.

வடிவமே பணி

இருபது வகை அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். ரைபோசோமிலிருந்து வெளிவரும் அச்சங்கிலி, முறையாக மடிந்து தனக்குரிய முப்பரிமாண வடிவத்தை அடைந்த பின்னரே பணியாற்றத் தொடங்கும். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல நொதியொன்று தன் வினைபடுபொருளோடு பொருந்துவது இவ்வடிவத்தால்தான். புரதத்தின் வடிவத்திற்குத் தேவையான செய்தி அதன் அமினோ அமில வரிசையிலேயே பொதிந்துள்ளது என்பதைக் கிறிஸ்டியன் அன்பின்சன் ஆய்வுக்குழாயில் மெய்ப்பித்தார். அதற்காக 1972ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆய்வுக்குழாயில் இருப்பது தெளிந்த கரைசல். செல்லின் உட்புறமோ திருவிழாக் கூட்டத்தைப் போன்று நெரிசல் மிக்கது. நீரை விரும்பாத அமினோ அமிலங்கள் புரதத்தின் உட்புறம் மறைந்திருக்க வேண்டியவை. வெப்பத்தால் மடிப்பு நெகிழும்போது அவை வெளியே தெரிகின்றன. அருகிலுள்ள மற்றொரு புரதத்தின் அதே போன்ற பகுதியோடு ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு நான்காகி, நான்கு நூறாகித் திரளாகின்றன. முட்டையின் வெண்கரு கொதிநீரில் வெளுத்துக் கெட்டிப்படுவது இத்தகைய திரட்சியே. வெந்த முட்டை மீண்டும் நீர்மமாவதில்லை. ஆனால், வெப்பத்தில் வாடிய இலையின் செல் அந்நிலையை அடையாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. சிறு திரள்கள் தோன்றினால் அவற்றைக் கரைக்கவும் முயல்கிறது.

புரதம் மலிவான பொருளன்று. ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் சங்கிலியில் இணைக்கக் குறைந்தது நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. அதனினும் அரியது நைட்ரஜன். வேர் மண்ணிலிருந்து அரிதின் ஈட்டிய நைட்ரஜனின் பெரும்பகுதி புரதங்களில்தான் உள்ளது. ஆகவே, பழுதான புரதத்தை அப்படியே விட்டுவிட்டால் திரண்டு கெடுதி செய்யும்; வெளியே எறிந்துவிட்டால் செல்வம் வீணாகும். செல் இவ்விரண்டையும் தவிர்க்கும் மூன்று வழிகளைக் கொண்டுள்ளது.

முதல்வழி: சீர்செய்தல்

1962ஆம் ஆண்டில் இத்தாலிய அறிவியலாளர் பெர்ருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். செல்களை வைத்திருந்த கலத்தின் வெப்பநிலை தற்செயலாக உயர்த்தப்பட்டிருந்தது. அச்செல்களின் குரோமோசோம்களில் வழக்கத்திற்கு மாறான இடங்களில் புடைப்புகள் தோன்றியிருப்பதை அவர் கண்டார். வெப்பம் பட்டவுடன் சில மரபணுக்கள் விழித்தெழுகின்றன என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. அம்மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் பின்னர் 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' எனப் பெயர் பெற்றன.

தாவரங்களிலும் இதே எதிர்வினை உண்டு. சோயா மொச்சை நாற்றுகளை 28 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரி செல்சியஸுக்கு மாற்றியபோது, அவை வழக்கமான புரத ஆக்கத்தைக் குறைத்துக்கொண்டு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை விரைந்து ஆக்கின என்பது 1981ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. வெள்ளம் வரும்போது உழவர் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுக் கரையை உயர்த்துவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இப்புரதங்களுள் பல, பிற புரதங்கள் முறையாக மடியத் துணை நிற்பவை. இவற்றைத் 'துணைப்புரதங்கள்' என்பர். சில, நெகிழ்ந்த புரதத்தின் ஒட்டும் பகுதியைப் பற்றிக்கொண்டு, அது வேறொன்றோடு திரளாமல் காக்கின்றன. சில, தம் உட்குழிவில் புரதத்தைத் தனியே வைத்து மடிய இடம் தருகின்றன. வேறு சில, ஏற்கெனவே திரண்டுவிட்டவற்றிலிருந்து புரத இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கின்றன. நூற்கண்டில் விழுந்த சிக்கலை நெசவாளர் பொறுமையாக எடுப்பது போன்ற பணி இது. திரளிலிருந்து உருவும் எச்.எஸ்.பி.101 என்னும் துணைப்புரதம் இல்லாத அரபிடாப்சிஸ் செடிகள் இயல்பான வெப்பநிலையில் குறைவின்றி வளர்ந்தன. மிதமான வெப்பத்தில் பழக்கிய பின் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தபோது, இயல்பான செடிகள் பிழைத்தன, இவை மடிந்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, தாவரம் வெப்பத்திற்குப் பழகுதல் என்பதன் உட்பொருளை வெளிப்படுத்தியது. பழகுதல் என்பது, கடும் இடர் வருமுன் துணைப்புரதங்களைத் திரட்டி வைத்துக்கொள்ளும் முன்னேற்பாடு.

வெப்பம் மிகுந்துவிட்டது என்பதைச் செல் எங்ஙனம் அறிகிறது? அதற்குத் துணைப்புரதங்களே ஒரு வகையில் அளவுகோலாகின்றன. அமைதியான காலத்தில் அவற்றுள் சில, வெப்ப அதிர்ச்சி மரபணுக்களைத் தூண்டும் காரணிகளைப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. நெகிழ்ந்த புரதங்கள் பெருகும்போது அவை அப்பணிக்கு விரைகின்றன. பிடி தளர்ந்த காரணிகள் உட்கருவினுள் சென்று மேலும் துணைப்புரதங்களை ஆக்குமாறு தூண்டுகின்றன. போதிய அளவு உருவானவுடன் காரணிகள் மீண்டும் அடக்கப்படுகின்றன. தேவையே ஆணையாகவும், நிறைவே தடையாகவும் அமைந்த ஒழுங்கு இது.

தெரிந்து தெளிவோம்

துணைப்புரதங்களைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் பசுங்கணிகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. கார்பன் டை ஆக்சைடை நிலைநிறுத்தும் ரூபிஸ்கோ என்னும் நொதி, எட்டுப் பெரிய அலகுகளும் எட்டுச் சிறிய அலகுகளும் சேர்ந்தது. பட்டாணியின் பசுங்கணிகங்களில் புதிதாக உருவான பெரிய அலகுகள், முழு நொதியாகச் சேர்வதற்குமுன் வேறொரு புரதத்தோடு இணைந்திருப்பதை 1980ஆம் ஆண்டில் ஜான் எல்லிஸ் குழுவினர் கண்டனர். அப்புரதமும், பாக்டீரியாவில் காணப்படும் ஒரு புரதமும் ஒரே குடும்பத்தவை என்பது 1988ஆம் ஆண்டில் தெரியவந்தது. இலையில் தொடங்கிய தேடல், உயிரினங்கள் அனைத்திற்கும் பொதுவான ஓர் உண்மையில் முடிந்தது.

எண்டோபிளாச வலையின் கண்காணிப்பு

செல்லுக்கு வெளியே செல்ல வேண்டியவை, செல்படலத்தில் அமர வேண்டியவை, வாக்குவோலைச் சேர வேண்டியவை ஆகிய புரதங்கள் முதலில் எண்டோபிளாச வலைக்குள் நுழைகின்றன. பயறுகளின் விதைகளில் சேமிக்கப்படும் புரதங்களும் இவ்வழியே செல்பவை. இங்குத் துணைப்புரதங்களோடு கண்காணிப்பும் உண்டு. பல புரதங்களில் சர்க்கரைத் தொடர்கள் பொருத்தப்படுகின்றன. மடிப்பு முடியும் நிலைக்கேற்ப அத்தொடர்கள் படிப்படியாகச் செதுக்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்தே, இது முடிந்தது, இது முடியவில்லை, இது இனி முடியாது என்று செல் பிரித்தறிகிறது. முடிந்தவை கோல்கை உறுப்புக்கு அனுப்பப்படும். முடியாதவை மறுவாய்ப்புப் பெறும். பலமுறை முயன்றும் மடியாதவை வலையிலிருந்து வெளியே இழுக்கப்பட்டுச் சிதைப்புக்கு உள்ளாகும்.

வெப்பமோ உப்போ மிகும்போது மடியாத புரதங்கள் வலைக்குள் தேங்குகின்றன. அப்போது வலையின் சவ்வில் அமைந்த உணர்விகள் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்று, ஓர் ஆணைப்புரதத்திற்குரிய தூது ஆர்.என்.ஏ.வில் சிறு துண்டை வெட்டி நீக்குகிறது. வெட்டப்பட்ட ஆர்.என்.ஏ.விலிருந்து உருவாகும் புரதமே உட்கருவுக்குள் நுழைந்து ஆணையிட வல்லது. எழுதி முடித்த ஓலையில் ஒரு சொல்லை நீக்கிப் பொருளை மாற்றுவது போன்றது இச்செயல். தாவரங்களில் இம்முறை இயங்குவது 2011ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது.

இச்செய்தியால் துணைப்புரதங்கள் பெருகுகின்றன. புதிய புரதங்களின் வரவு குறைகிறது. சிதைக்கும் பணி விரைவு பெறுகிறது. இத்தனைக்கும் பின்னர் நெருக்கடி தீராமல் நீடித்தால், அச்செல் திட்டமிட்ட இறப்பை நோக்கிச் செலுத்தப்படுகிறது. சீர்செய்யும் செல்லுக்கு, எதுவரை முயல்வது என்ற எல்லையும் வகுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம்வழி: குறியிட்டுச் சிதைத்தல்

சீர்செய்ய இயலாத புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் செல்லில் கட்டின்றி உலவவிட்டால் நல்ல புரதங்களும் அழிந்துபோகும். ஆகவே சிதைக்கும் இடம் மூடப்பட்டதாகவும், உள்ளே செல்ல அடையாளம் தேவைப்படுவதாகவும் அமைந்துள்ளது. அவ்வடையாளம் 'யுபிக்விட்டின்' என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். மூன்று வகை நொதிகள் அடுத்தடுத்துச் செயற்பட்டு இக்குறியைப் பழுதான புரதத்தின்மேல் இணைக்கின்றன. பொதுவாக நான்கோ அதற்கு மேலோ யுபிக்விட்டின்கள் தொடராகச் சேரும்போது, 'புரோட்டியசோம்' என்னும் பீப்பாய் வடிவ அமைப்பு அப்புரதத்தை ஏற்றுக்கொள்கிறது. புரதம் மடிப்பவிழ்க்கப்பட்டு உள்ளே செலுத்தப்படுகிறது. சிறு துண்டுகளாக வெளிவருகிறது. அத்துண்டுகள் மேலும் பிரிந்து அமினோ அமிலங்களாகின்றன. யுபிக்விட்டின் மட்டும் வாயிலிலேயே கழற்றப்பட்டு மறுமுறை பயன்படுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக ஆரன் சீகானோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தாவரங்கள் இம்முறையைக் கழிவு நீக்கத்திற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. வளர்ச்சியை ஆளவும் இதனையே கையாளுகின்றன. டெல்லா எனப்படும் புரதங்கள் தண்டின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துபவை. ஜிப்ரலின் என்னும் ஹார்மோன் வந்தவுடன் டெல்லாவின்மேல் குறியிடப்படுகிறது, டெல்லா சிதைகிறது, தண்டு நீள்கிறது. வளர்ச்சி என்பது இங்கே ஒரு தடையின் அழிவே.

பசுமைப்புரட்சிக்கு வித்திட்ட குட்டைக் கோதுமையின் உட்பொருளும் இதுவே என்பது 1999ஆம் ஆண்டில் புலனாயிற்று. அக்கோதுமையின் டெல்லா புரதத்தில் ஜிப்ரலினுக்கு இணங்கும் பகுதி குறைபட்டிருந்தது. ஆகவே அது சிதைக்கப்படாமல் நிலைத்தது. தண்டு குட்டையாகவே நின்றது. கனத்த கதிரைத் தாங்கியும் பயிர் சாயவில்லை. நார்மன் போர்லாக் உருவாக்கியவையும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முன்னின்று இந்தியாவில் பரவச் செய்தவையும் இத்தகைய கோதுமைகளே. ஒரு புரதம் உரிய நேரத்தில் சிதையாமற்போனது, கோடிக்கணக்கானோரின் உணவை மாற்றியமைத்தது.

ஒளியின் விலை

இலைக்கு உணவளிக்கும் கதிரொளியே அதன் கருவிகளைச் சேதப்படுத்தவும் செய்கிறது. ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளித்தொகுப்பு, நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் இடம். இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த அத்தொகுப்பின் நடுவில் டி1 என்னும் புரதம் உள்ளது. நீரைப் பிளக்கும் கடுவினைக்கு அருகில் இருப்பதால் சேதம் முதலில் அதனையே தாக்குகிறது. கடும் ஒளியில் டி1 புரதத்தின் ஆயுள் மணிக்கணக்கில் மட்டுமே அளக்கத்தக்கது.

ஒரு புரதம் பழுதாகும்போதெல்லாம் முழுத் தொகுப்பையும் புதிதாக ஆக்குவது பசுங்கணிகத்திற்குக் கட்டுப்படியாகாது. ஆரக்கால் ஒடிந்தால் வண்டியையே எரிப்பார் இல்லை. தொகுப்பின் சில பகுதிகள் கழற்றப்படுகின்றன. பழுதான டி1 நொதிகளால் வெட்டி நீக்கப்படுகிறது. புதிய டி1 அதே இடத்தில் பொருத்தப்படுகிறது. தொகுப்பு மீண்டும் பணிக்குத் திரும்புகிறது. பசுமையாக அசைவற்றுத் தோன்றும் இலையில் பகல் முழுவதும் இப்பணி ஓயாமல் நடைபெறுகிறது. பழுதாகும் வேகத்தைச் சீர்செய்யும் வேகம் எட்டாதபோதுதான் இலையின் ஒளிச்சேர்க்கைத் திறன் குன்றுகிறது.

மூன்றாம்வழி: தன்விழுங்கல்

புரோட்டியசோமின் வாயில் குறுகியது. தனிப் புரதம் அதனுள் செல்லும். பெரிய திரளோ பழுதான மைட்டோகாண்ட்ரியமோ செல்லாது. அவற்றுக்குரிய வழி 'தன்விழுங்கல்'. 1963ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் டி டூவ் இதற்கு 'ஆட்டோபேஜி' எனப் பெயரிட்டார். அகற்றப்பட வேண்டியதைச் சுற்றி இரட்டைச் சவ்வு வளர்ந்து, பை போல மூடிக்கொள்கிறது. அப்பை வாக்குவோலோடு இணைந்து தன் உட்பொருளை அதனுள் சேர்க்கிறது. வாக்குவோலின் அமிலத்தன்மை வாய்ந்த சாற்றில் உள்ள நொதிகள் அதனைப் பிரித்து, அமினோ அமிலம், சர்க்கரை, கொழுப்பு அமிலம் முதலியவற்றைச் செல்லுக்குத் திருப்பித் தருகின்றன.

முதிர்ந்த தாவரச் செல்லில் வாக்குவோல் ஏறத்தாழ 90 விழுக்காடு வரை இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும். நீரைத் தேக்கிச் செல்லை விறைப்பாக வைத்திருப்பதோடு, செல்லின் மறுசுழற்சிக் களமாகவும் அது விளங்குகிறது.

இம்முறைக்குரிய மரபணுக்களைக் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமி. விலங்குச் செல்லின் லைசோசோம்கள் மிகச் சிறியவை. ஈஸ்ட்டின் வாக்குவோலோ ஒளி நுண்ணோக்கியில் காணுமளவு பெரியது. வாக்குவோலின் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை அவர் பட்டினியிட்டார். உள்ளே சென்றவை கரையாமல் தேங்கிச் சிறு உருண்டைகளாகக் கண்ணுக்குப் புலப்பட்டன. 1992ஆம் ஆண்டில் அம்முடிவை வெளியிட்ட அவர், அடுத்த ஆண்டில் அப்பணி தடைபட்ட சடுதிமாற்ற ஈஸ்ட்டுகளையும் வகைப்படுத்தினார். 2016ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அம்மரபணுக்களை ஒத்தவை தாவரங்களிலும் காணப்பட்டன. 2002ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகளில், தன்விழுங்கல் மரபணுக்கள் செயலிழந்த அரபிடாப்சிஸ் செடிகள் நல்ல உணவும் ஒளியும் கிடைத்தவரை வளர்ந்து விதையும் தந்தன. நைட்ரஜன் குறைந்தபோதும், நெடுநேரம் இருளில் வைத்தபோதும் அவை மற்றவற்றைக் காட்டிலும் விரைவில் மஞ்சளாகி மடிந்தன. நெல்லிலோ விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. தன்விழுங்கல் தடைபட்ட நெற்செடிகளின் மகரந்தம் முறையாக முதிர்ச்சியடையவில்லை என 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. மகரந்தப்பையின் உட்சுவர்ச் செல்கள் தம்மைக் கரைத்து மகரந்தத்திற்கு ஊட்டம் தருபவை. அவ்வாறு கரைய முடியாதபோது மகரந்தம் மலடாயிற்று.

சிதைக்கும் கருவிக்கும் இவ்விதி பொருந்தும். செயலிழந்த புரோட்டியசோம்கள் தன்விழுங்கலால் வாக்குவோலுக்கு அனுப்பப்படுவது 2015ஆம் ஆண்டில் அரபிடாப்சிஸில் கண்டறியப்பட்டது. கடும் ஒளியாலும் புறஊதாக் கதிராலும் சேதமுற்ற பசுங்கணிகங்கள் முழுமையாகவே வாக்குவோலுக்குள் கொண்டுசெல்லப்படுவதும் 2017ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.

இலை பழுக்கும் காலம்

செல்லுக்குள் நிகழும் இம்மறுசுழற்சி, ஒரு கட்டத்தில் முழு இலையின் அளவுக்கு விரிகிறது. அதுவே மூப்படைதல். நெல், கோதுமை முதலிய பயிர்களின் இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ முக்கால் பங்கு பசுங்கணிகங்களில் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு ரூபிஸ்கோவில் உள்ளது. இலை மூப்படையத் தொடங்கியதும் ரூபிஸ்கோவும் பிற புரதங்களும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகின்றன. அமினோ அமிலங்கள் புளோயத்தின் வழியே குருத்துக்கோ, கதிருக்கோ, விதைக்கோ அனுப்பப்படுகின்றன.

பச்சையமும் அப்போது சிதைக்கப்படுகிறது. புரதங்களினின்று விடுபட்ட பச்சையம் ஒளிபட்டால் செல்லுக்கு நஞ்சாகும். ஆகவே அது தீங்கற்ற பொருளாக மாற்றப்பட்டு வாக்குவோலில் ஒதுக்கப்படுகிறது. பச்சை மறைந்ததும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தோன்றுகின்றன. செல்லின் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியங்களும் இறுதிவரை நிலைத்திருந்து இப்பணியை நடத்தித் தருகின்றன. வீட்டைக் காலி செய்பவர், பொருள்களையெல்லாம் அனுப்பிய பின் விளக்கை அணைப்பதைப் போன்றது அவ்வொழுங்கு.

தழைச்சத்துக் குறைந்த வயலில் பயிரின் அடியிலைகள் முதலில் மஞ்சளாவதை உழவர்கள் அறிவர். புதிதாக எழும் இலைக்கு மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை அடியிலை தருகிறது என்பதே அதன் பொருள்.

இக்கொடையின் அளவைக் கோதுமையில் செய்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இலையின் மூப்பைத் தூண்டும் ஒரு மரபணுவும் அதனை ஒத்தவையும் கோதுமையில் அடக்கப்பட்டபோது, பயிர் மூன்று வாரங்களுக்கு மேல் காலந்தாழ்த்தி முதிர்ந்தது. தானியத்திலோ புரதமும் துத்தநாகமும் இரும்பும் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. 2006ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு சிந்திக்கத்தக்கது. இலை தன் பசுமையை விடாது பற்றிக்கொண்டால் தானியம் வறுமையுறுகிறது. எனினும், மிக முன்னதாகப் பழுத்துவிட்டால் தானியத்தை நிரப்பும் மாவுச்சத்துக்குரிய ஒளிச்சேர்க்கை குறைந்துவிடும். எப்போது ஆக்குவதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்குவது என்பதே பயிரின் வாழ்வில் முதன்மையான முடிவு.

வயலுக்கு வரும் அறிவு

நெல் பூக்கும் நேரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸைக் கடந்தால் மகரந்தச்சேர்க்கை பாதிக்கப்பட்டுப் பதர் மிகும். புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் உழவரையும் உண்பவரையும் ஒருசேர அச்சுறுத்தும் செய்தி இது. இதனை எதிர்கொள்ள அறிவியலாளர் நாடும் இடங்களுள் ஒன்று, செல்லின் சிதைக்கும் முறை.

மேற்கு ஆப்பிரிக்காவில் தொன்றுதொட்டுப் பயிரிடப்படுவது ஒரைசா கிளாபெரிமா என்னும் நெல்லினம். அதன் ஒரு வகையின் வெப்பம் தாங்கும் திறனுக்குக் காரணமான மரபணு ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அம்மரபணு உருவாக்குவது புரோட்டியசோமின் ஓர் அலகு. ஆப்பிரிக்க நெல்லின் அவ்வலகு, வெப்பத்தால் பழுதாகிக் குறியிடப்பட்ட புரதங்களை விரைந்து அகற்ற உதவுகிறது. நச்சுத்திரள் சேராமையால் செல் பிழைக்கிறது. அம்மரபணுவை ஆசிய நெல்லுக்கு மாற்றியபோது அதன் வெப்பம் தாங்கும் திறனும் உயர்ந்தது. கழிவை விரைந்து அகற்றும் நெல்லே வெயிலைத் தாங்கும் நெல்லாயிற்று.

ஆக்கத்தையே உயிரின் அடையாளமாகக் கருதுவது மரபு. முளைத்தலும் தழைத்தலும் பூத்தலும் கண்ணுக்குத் தெரிகின்றன, அவை போற்றவும்படுகின்றன. அவற்றுக்கு அடியில், பழுதானதை இனங்கண்டு, இயன்றவரை சீர்செய்து, இயலாதபோது தயங்காது பிரித்து, பிரித்ததில் பெரும்பகுதியை அடுத்ததற்கு அளிக்கும் பணி ஓசையின்றி நடைபெறுகிறது. அப்பணி நின்றால் ஆக்கமும் நின்றுவிடும். மகரந்தம் முதிராத நெற்செடி அதற்குச் சான்று.

பனையின் அடியில் காய்ந்து தொங்கும் ஓலையில் இப்போது நாரும் நரம்புமே எஞ்சியுள்ளன. உச்சியில் விரியும் குருத்தின் பசுமையில் அவ்வோலையின் நைட்ரஜனும் கலந்திருக்கிறது. காவோலை விழும்போது குருத்தோலை நகைப்பதற்கு இல்லை. நன்றி கூறுவதற்கே இடமுண்டு.

கலைச்சொல் அறிவோம்

துணைப்புரதம் – சாப்பரோன்
தன்விழுங்கல் – ஆட்டோபேஜி
மூப்படைதல் – செனெசென்ஸ்
ஒளித்தொகுப்பு – போட்டோசிஸ்டம்

கற்பவை கற்றபின்

1. ஒரே செடியின் குருத்திலை, நடுஇலை, பழுத்த இலை ஆகியவற்றைப் பத்து நாள்கள் தொடர்ந்து உற்றுநோக்கி, நிறமாற்றங்களை நாட்குறிப்பாக எழுதுக.
2. உங்கள் பகுதி உழவர் ஒருவரைச் சந்தித்து, கோடை வெப்பத்தால் பயிரில் காணும் மாற்றங்களைக் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.
3. முதுமை, இளமை குறித்த பழமொழிகளைத் தொகுத்து, அவற்றின் பொருளை இப்பாடக் கருத்தோடு ஒப்பிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பழுதான புரதத்தின்மேல் சிதைப்புக்குரிய குறியாக இணைவது
அ) ரூபிஸ்கோ ஆ) யுபிக்விட்டின் இ) ஜிப்ரலின் ஈ) டெல்லா

2. தன்விழுங்கலில் உருவாகும் பை, தாவரச் செல்லில் சென்று இணையும் இடம்
அ) உட்கரு ஆ) ரைபோசோம் இ) வாக்குவோல் ஈ) செல்சுவர்

குறுவினா

1. புரத நெருக்கடி என்பது யாது?
2. தழைச்சத்துக் குறையும்போது அடியிலைகள் முதலில் மஞ்சளாவது ஏன்?

சிறுவினா

1. டி1 புரதம் புதுப்பிக்கப்படும் முறையை விளக்குக.
2. குட்டைக் கோதுமையின் உயரம் குறைந்ததற்கான காரணத்தை எழுதுக.

நெடுவினா

'சிதைத்தலும் வாழ்வின் ஒரு பகுதியே' என்னும் கூற்றைத் தாவரச் செல்லின் மூவகைச் செயல்களைக் கொண்டு நிறுவுக.